பிளாக் பெல்ட் காட்டினால் சினிமா வாய்ப்பு வருமா?

அம்மா, பிளஸ் டூ முடித்ததும் கல்லூரி வேண்டாம், முழுநேரமும் கராத்தே, அப்புறம் சினிமா என்கிறான் உங்கள் மகன். "ஜப்பானின் சண்டைப் பட ஹீரோ சன்னி சிபா அப்படித்தானே வந்தார்" என்று உங்கள் வாயையும் அடைத்துவிடுகிறான். சரி, அவரையே எடுத்துக்கொள்வோம்.

அவர் அப்படி வரவில்லை. 1939-ல் ஃபுகுவோகாவில் பிறந்தவருக்கு முதலில் பிடித்தது ஜிம்னாஸ்டிக்ஸ். ஒலிம்பிக் கனவோடு விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதுகில் அடிபட்டது, கனவு அதோடு போயிற்று. தோயே பட நிறுவனம் நடத்திய புதுமுகத் தேர்வில் வென்றுதான் நடிகரானார். 1960-ல் தொலைக்காட்சித் தொடரில் நாயகன். கராத்தேயில் முதல் டான், அதாவது பிளாக் பெல்ட்டின் முதல் படி, கிடைத்ததோ 1965-ல்! கியோகுஷின் என்ற கராத்தே பிரிவை நிறுவிய ஓயாமாவிடம் கற்றுக்கொண்டே ஸ்டூடியோவிலும் உழைத்திருக்கிறார். உலகம் அவரைத் திரும்பிப் பார்க்க வைத்த 'தி ஸ்ட்ரீட் ஃபைட்டர்' வந்தது 1974-ல். அப்போது வயது 35.

இதற்கு நடுவே, 1970-ல், ஜப்பான் ஆக்‌ஷன் கிளப் என்ற, சண்டைக் காட்சி நடிகர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். என்னைக் கேட்டால் உங்கள் மகன் கவனிக்க வேண்டியது இதைத்தான். கராத்தே வகுப்பில் அடி சரியாகப் போய் விழ வேண்டும். கேமரா முன்னால் அடி விழாமலே விழுந்ததுபோலத் தெரிய வேண்டும். உயரத்திலிருந்து குதிப்பது, எதிராளிக்குக் காயமில்லாமல் உதைப்பது, அதையே பத்து டேக்கிலும் ஒரே மாதிரி செய்வது எல்லாம் தனி வித்தை. அங்கே சிறு வயதிலேயே பயிற்சி எடுத்த நடிகர் ஹிரோயுகி சனாடா 2024-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினார். அவர் நிஹோன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இதை மட்டும் மகனிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள்.

தட்சுயா நாகா என்று இன்னொருவர், ஜப்பான் கராத்தே சங்கத்தின் பயிற்றுநர். 2007-ல் ஒரு படத்தில் முக்கிய வேடத்தில் நடித்தார். அதற்காகப் பயிற்றுநர் வேலையை விட்டுவிடவில்லை.

அதனால் சண்டை போட்டுத் தடுக்காதீர்கள். உடற்கல்வியோ விஸ்காமோ, ஒரு பட்டப்படிப்பில் சேரட்டும். காலையும் மாலையும் கராத்தே இருக்கட்டும். விடுமுறையில் நடிப்புப் பட்டறைக்கோ, ஸ்டண்ட் மாஸ்டர் ஒருவரிடமோ போய்ப் பார்க்கட்டும். இரண்டு வருஷத்துக்கு அப்புறமும் இதே ஆசை இருந்தால் மறுபடி பேசலாம்.

அடுத்த வாரம் அவனையும் அழைத்து வாருங்கள். அவனுக்கு முழங்கால் வலிக்கிறது என்று போனில் சொன்னீர்களே, அதை முதலில் எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.