அமெரிக்காவில் மாநிலக் கல்வி வாரியம் எதை முடிவு செய்கிறது, எதைக் கண்காணிக்கிறது?

அமெரிக்க மாநிலங்களில் உள்ள கல்வி வாரியம் அரசுப் பள்ளிகளுக்கான கொள்கையை எப்படி வகுக்கிறது, பள்ளிகள் அதைப் பின்பற்றுகின்றனவா என்று யார் பார்க்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி. நான் கல்வித்துறை வல்லுநன் அல்லன். டெக்சஸ் மாநிலத்தில் பதினோரு ஆண்டுகளாக வசிப்பவன். இரண்டு பிள்ளைகளை அரசுப் பள்ளியில் படிக்க வைப்பவன். தவறான கதவைத் தட்டித் திரும்பிய பிறகு, சரியான கதவு எது என்று தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நாம் ‘ஸ்டேட் போர்டு’ என்றால் ஒரு பாடத்திட்டத்தையும் அதற்கான பொதுத்தேர்வையும் நினைத்துக்கொள்கிறோம். ‘பையன் ஸ்டேட் போர்டா, சிபிஎஸ்இயா?’ என்று கேட்பது அந்தப் பொருளில்தான். அமெரிக்காவில் அதே பெயரில் இருப்பது, பத்துப் பதினைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, பொதுமக்கள் முன்னிலையில் வாக்களித்து விதி எழுதும் ஒரு குழு. அது தேர்வு நடத்தும் அலுவலகம் அன்று. பள்ளிகளை நிர்வகிக்கும் இயக்குநரகமும் அன்று.

இது தெரியாமல்தான் நான் சறுக்கினேன். என் மகளை ஆறாம் வகுப்பில், வேகமாகக் கற்பவர்களுக்கான கணித வகுப்பில் சேர்க்கப் பள்ளி மறுத்துவிட்டது. மாநில வாரியம்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது என்று எண்ணி, அதற்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். இது வாரியத்தின் வரம்புக்குள் வராது என்று மரியாதையான ஒரு பதில் வந்தது. முதலில் பள்ளி முதல்வர், பிறகு பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பின்) கண்காணிப்பாளர் அலுவலகம், இறுதியாக அந்த மாவட்டத்து மக்கள் தேர்ந்தெடுத்த அறங்காவலர் குழு என்று மூன்று படிகளில் முறையிட வேண்டும் என்பதை அதன் பிறகே அறிந்தேன். மாநிலக் கல்விச் சட்டமே மீறப்பட்டிருந்தால் மட்டும் அதற்கு மேல் மாநிலக் கல்வி ஆணையரிடம் செல்லலாம். எந்த மாணவர் எந்த வகுப்பில் உட்கார வேண்டும், எந்த ஆசிரியரை நியமிக்க வேண்டும், பேருந்து எந்தத் தெருவில் நிற்க வேண்டும் என்பனவெல்லாம் உள்ளூர் விவகாரங்கள். அமெரிக்காவில் இத்தகைய பள்ளி மாவட்டங்கள் ஏறத்தாழ 13,000 இருக்கின்றன.

அந்த நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே இல்லை. மத்திய அரசுக்கு வழங்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்று 1791இல் ஏற்கப்பட்ட பத்தாவது திருத்தம் சொல்வதால், கல்வி மாநிலத்தின் பொறுப்பாயிற்று. ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் ஓர் அமைப்பை உண்டாக்கிக்கொண்டது. மசாசூசெட்ஸ் 1837இல் வாரியம் அமைத்துக் கல்விச் சீர்திருத்தவாதி ஹொரேஸ் மானை அதன் முதல் செயலாளராக்கியது. நியூயார்க்கில் 1784 முதலே இயங்கும் ‘ரீஜண்ட்ஸ்’ என்ற கல்வி வாரியத்தின் 17 உறுப்பினர்களை இன்றும் மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கிறது. கலிபோர்னியாவில் ஆளுநர் நியமிக்கும் 11 பேரில் ஒருவர் பள்ளி மாணவர். ஓராண்டுப் பதவிதான் என்றாலும் அவருக்கும் முழு வாக்குரிமை உண்டு. மினசோட்டா தன் வாரியத்தை 1999இல் கலைத்துவிட்டது. ஆகவே ‘மாநில வாரியம் இப்படித்தான் செயல்படும்’ என்று பொதுவாக யாராவது சொன்னால், எந்த மாநிலத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். நான் எனக்குத் தெரிந்த டெக்சஸை வைத்தே விளக்குகிறேன்.

டெக்சஸ் வாரியத்தில் 15 உறுப்பினர்கள். தொகுதி வாரியாக, கட்சி அடிப்படையில் நடக்கும் தேர்தலில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், பதவிக்காலம் நான்கு ஆண்டுகள், சம்பளம் கிடையாது. அவர்களுள் ஒருவரை ஆளுநர் தலைவராக நியமிக்கிறார். இதன் அருகிலேயே, ஆனால் இதற்குக் கீழ்ப்படியாமல், மாநிலக் கல்வி முகமை என்ற பெரிய நிர்வாக அமைப்பு இருக்கிறது. அதன் தலைவரான கல்வி ஆணையரை நியமிப்பவர் வாரியம் அல்ல, ஆளுநர். இந்த ஒரு செய்தியை மனத்தில் நிறுத்திக்கொண்டால் மீதிப் பாதி தானாகப் புரியும். விதி எழுதும் கை வேறு, பள்ளிக்குள் நுழைந்து பார்க்கும் கண் வேறு; இரண்டும் ஒரே உடலில் இல்லை.

வாரியத்தின் மிகப் பெரிய அதிகாரம் பாடத் தரநிலைகளை எழுதுவது. எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில், மாணவர் எதைக் கற்றிருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வரையறுக்கும் ஆவணம் அது. அங்கே சுருக்கமாக ‘டீக்ஸ்’ என்பார்கள். ஆசிரியர்களும் துறை அறிஞர்களும் அடங்கிய பணிக்குழுக்கள் வரைவைத் தயாரிக்கின்றன. வாரியம் அதை விவாதித்து முதல் வாசிப்பில் ஏற்றபின், வரைவு மாநில அரசிதழில் வெளியாகிறது. பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது முப்பது நாள் அவகாசம் தரப்படுகிறது. பிறகு இரண்டாம் வாசிப்பும் இறுதி வாக்கெடுப்பும். ஒரு பாடத்தைத் திருத்தி முடிப்பதற்குள் ஓரிரு ஆண்டுகள் கழிந்துவிடுவதும் உண்டு. சலிப்பூட்டும் நடைமுறைதான். ஆனால் 55 லட்சம் மாணவர்களின் வகுப்பறை அந்தச் சலிப்பான கூட்டங்களில்தான் தீர்மானமாகிறது.

அந்த ஆவணத்தில் என்னைக் கவர்ந்த நுணுக்கம் ஒன்று உண்டு. ஒரு பட்டியலுக்கு முன் ‘உள்ளிட்ட’ என்ற பொருள் தரும் சொல் வந்தால், பட்டியலில் உள்ள அனைத்தும் கட்டாயம் கற்பிக்கப்பட வேண்டியவை. ‘போன்ற’ என்ற பொருள் தரும் சொல் வந்தால், அவை வெறும் எடுத்துக்காட்டுகள். எந்தத் தலைவரை எந்தச் சொல்லுக்குப் பின்னால் வைப்பது என்று உறுப்பினர்கள் மணிக்கணக்கில் வாதிடுவதற்கு இதுவே காரணம். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் சொற்சண்டை போலத் தோன்றும். அது அப்படியன்று என்பது நிகண்டும் நன்னூலும் படித்த மரபில் வந்த நமக்குச் சொல்லாமலே விளங்கும்.

2010இல் சமூக அறிவியல் தரநிலையைத் திருத்தியபோது, பணிக்குழு கொடுத்த வரைவின் மீது உறுப்பினர்கள் கூட்டத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களைச் சேர்த்தார்கள். இறுதியில் 9–5 என்ற கணக்கில் அது நிறைவேறியது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான காரணங்களுள் வட்டாரப் பிளவும் மாநில உரிமைகளும் முதலில் நிற்க, அடிமைமுறை மூன்றாவதாகப் பட்டியலிடப்பட்டது அந்த ஆவணத்தில்தான். அடிமைமுறையின் விரிவாக்கமே மையக் காரணம் என்று பொருள்படும்படி அதை 2018இல் திருத்தினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பாடத்தைப் படித்து முடித்து வெளியேறிய பிள்ளைகளுக்கு அந்தத் திருத்தத்தால் பயன் ஒன்றும் இல்லை.

தேர்தல் மூலம் அமையும் வாரியத்தின் இயல்பை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கேன்சஸ் மாநிலம். அங்கே 10 உறுப்பினர்கள், அனைவரும் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். 1999இல் 6–4 வாக்கில் பரிணாமக் கோட்பாட்டின் பெரும்பகுதியை அறிவியல் தரநிலையிலிருந்து நீக்கினார்கள். அடுத்த தேர்தலில் வாக்காளர்கள் ஆட்களை மாற்றினார்கள். 2001இல் புதிய வாரியம் அதை மீட்டது. பிறகு மீண்டும் பெரும்பான்மை மாறி, 2005இல் பரிணாமத்தின் மீது ஐயம் எழுப்பும் தரநிலை வந்தது; 2007இல் அதுவும் நீக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளில் நான்கு முறை ஊஞ்சல் ஆடியது. மக்களாட்சி தன்னைத் தானே திருத்திக்கொண்டது என்று சிலர் இதைப் பாராட்டுவார்கள். அறிவியல் பாடத்தின் உள்ளடக்கம் தேர்தல் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதே என் கருத்து. அதே வேளையில், நியமன வாரியம் என்றால் அந்த ஊஞ்சலின் கயிறு ஆளுநரின் கைக்குப் போகும் என்பதையும் மறுக்க மாட்டேன்.

தரநிலைக்கு அடுத்தது பாடப்புத்தகம். இங்கே வாரியத்தின் பிடி பலர் நினைப்பதைவிடத் தளர்ந்தது. டெக்சஸ் வாரியம் புத்தகங்களை ஆராய்ந்து ஏற்புப் பட்டியல் வெளியிடுகிறது. ஆனால் 2011ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு, பட்டியலுக்கு வெளியே உள்ள புத்தகத்தையும் மாவட்டங்கள் அரசுப் பணத்தில் வாங்கலாம். 2023இல் வேறொரு வழி கண்டார்கள்: வாரியம் ஏற்ற பாடப்பொருளை வாங்கும் மாவட்டத்திற்கு மாணவர் ஒருவருக்கு 40 டாலர் கூடுதல் நிதி. கட்டளை இடவில்லை, ஆனால் நிதி நெருக்கடியில் உள்ள மாவட்டத்திற்கு நாற்பது டாலரும் கட்டளைதான். மாநில முகமையே தயாரித்த, விவிலியச் செய்திகள் இடம்பெற்ற தொடக்கப் பள்ளிப் பாடத்தொகுதி 2024 நவம்பரில் 8–7 வாக்கில் ஏற்கப்பட்டபோது எழுந்த பெரிய சர்ச்சைக்கு இந்த ஊக்கத்தொகையும் ஒரு காரணம்.

உயர்நிலைப் பள்ளிப் படிப்பை நிறைவு செய்ய எத்தனை பாட அலகுகள் முடிக்க வேண்டும் என்பதை வகுப்பதும், ஆணையர் பரிந்துரைக்கும் புதிய சார்ட்டர் பள்ளிகளை (அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் பள்ளிகளை) வேண்டாமென்றால் தடுப்பதும் வாரியத்தின் பிற வேலைகள். 1854இல் 20 லட்சம் டாலருடன் தொடங்கப்பட்ட நிரந்தரப் பள்ளி நிதி இன்று 5,000 கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. அதிலிருந்து ஆண்டுதோறும் பள்ளிகளுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதிலும் வாரியத்திற்குப் பங்கு உண்டு. செய்தித்தாள்கள் இதைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை.

இனி கண்காணிப்பு. உங்கள் கேள்வியின் இந்தப் பகுதிக்குத்தான் எளிதில் விடை கிடைக்காது. டெக்சஸில் பள்ளிகளுக்குத் தர மதிப்பீடு வழங்குவதும், தவறும் மாவட்டங்கள் மீது நடவடிக்கை எடுப்பதும் ஆணையரும் அவருடைய முகமையும்தான், வாரியம் அல்ல. ஒரே ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்தாண்டுகள் தேறாவிட்டாலும், ஆணையர் அந்தப் பள்ளியை மூட வேண்டும் அல்லது மாவட்டத்தின் அறங்காவலர் குழுவையே அகற்றிவிட்டு வேறு நிர்வாகிகளை அமர்த்த வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டுச் சட்டம். அதைக்கொண்டே 270க்கும் மேற்பட்ட பள்ளிகளை உடைய ஹூஸ்டன் மாவட்டத்தை 2023 ஜூனில் ஆணையர் கையகப்படுத்தினார். மக்கள் தேர்ந்தெடுத்த மாநில வாரியம் அந்த முடிவில் வாக்களிக்கவே இல்லை.

கண்காணிப்பு என்பது நடைமுறையில் பெரும்பாலும் எண்களைப் பார்ப்பதுதான். எண் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் டெக்சஸே சான்று. ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை விழுக்காடு மாணவர்கள் சிறப்புக் கல்வி பெறுகிறார்கள் என்று அளக்க, 2004இல் முகமை 8.5 விழுக்காடு என்ற குறியீட்டை வைத்தது. தேசிய சராசரி அப்போது சுமார் 13 விழுக்காடு. 8.5ஐத் தாண்டிய மாவட்டத்தின் மதிப்பீடு குறையும். விளைவு, குறைபாடு உள்ள குழந்தைகளையே மாவட்டங்கள் தட்டிக்கழிக்கத் தொடங்கின. மாநில அளவில் விகிதம் இறங்கிக்கொண்டே வந்து சொல்லிவைத்தாற்போல் 8.5இல் நின்றது. ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் 2016இல் இதை வெளிக்கொணர்ந்தது. 2017இல் மாநிலச் சட்டமன்றம் அந்த வரம்பைத் தடை செய்தது. மறு ஆண்டு ஜனவரியில், மாநிலம் மத்தியச் சட்டத்தை மீறியிருக்கிறது என்று மத்தியக் கல்வித்துறை முடிவுக்கு வந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு வரிக்காக அரங்கம் நிறையும் மாநிலத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஓர் எண்ணை யாரும் உரக்கக் கேள்வி கேட்கவில்லை. என்னைக் கேட்டால், கவனிக்கப்பட வேண்டியவை வாரியக் கூட்டத்தின் அனல் பறக்கும் வாதங்களைவிட இத்தகைய குறியீட்டு அட்டவணைகள்தாம்.

மத்திய அரசின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிச் செலவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோதான் மத்திய நிதி. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. 2015ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வைக்க வேண்டும். மத்திய நிதி பெறும் பள்ளிகளில் கடைசி 5 விழுக்காட்டை மாநிலம் அடையாளம் காண வேண்டும். அடையாளம் கண்டபின் என்ன செய்வது என்பதை மாநிலத்திடமே விட்டுவிட்டார்கள்.

நீங்கள் பெற்றோர் என்ற முறையில் கேட்டிருந்தால், நடைமுறைக்கு உதவும் ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளையைப் பற்றிய குறை என்றால் பள்ளியிலிருந்து தொடங்குங்கள். ஒரு பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பது குறித்த கருத்து என்றால், வாரியக் கூட்டத்தில் பேச முன்கூட்டியே பதிவு செய்யலாம். குடியுரிமை இல்லாத நானும் பேசியிருக்கிறேன். ஆனால் இறுதி வாக்கெடுப்பு நாளன்று போய்ப் பேசுவதில் பயன் குறைவு. அதற்குள் எண்ணிக்கை முடிவாகியிருக்கும். பணிக்குழுவின் வரைவு வெளியாகும் கட்டத்திலேயே, எந்தப் பத்தியின் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று குறிப்பிட்டு எழுதி அனுப்புவது நல்லது. கணிதத் தரநிலை பற்றி நான் அனுப்பிய மூன்று குறிப்புகளில் இரண்டுக்குப் பதிலே வரவில்லை. மூன்றாவதில் ஒரு ‘போன்ற’ மட்டும் ‘உள்ளிட்ட’ ஆயிற்று. அதை என்னைத் தவிர வேறு எத்தனை பேர் கேட்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.