மியூசிக்கல் தியேட்டர் காலேஜ் தேடுறீங்களா, முதல்ல நடிப்பு கிளாஸ் எத்தனைன்னு எண்ணுங்க

அக்கா, நீங்க அனுப்பினது முழுசா படிச்சேன், வீடியோவும் பார்த்தேன். பொண்ணு லெவன்த் கிரேடு, சின்ன வயசுலேர்ந்து பாட்டு, பரதநாட்டியம், ஸ்கூல் மியூசிக்கல்ல மெயின் ரோல், இப்போ காலேஜ்லயும் மியூசிக்கல் தியேட்டர்தான், அதாவது பாட்டு டான்ஸ் நடிப்பு மூணும் கலந்த மேடை நாடகம்தான் படிப்பேன்னு நிக்கிறா, அவ அப்பாவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் விட்டா வேற எதுலயும் மனசு வரல, நீங்க நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கீங்க. "எந்த காலேஜ் நம்பர் ஒன்"னு கேட்டிருக்கீங்க. அந்த கேள்விய விட்டுட்டு, அவளுக்கு எது குறையா இருக்கோ அதை எந்த காலேஜ் நல்லா சொல்லித்தரும்னு பார்ப்போம்.

வீடியோல எனக்கு தெரிஞ்சத நேரா சொல்றேன். சுருதி சுத்தம், தாளம் எங்கயும் நழுவல, உடம்பு சொன்னபடி கேக்குது, இதெல்லாம் அவ வயசுல பெரிய சொத்து. ஆனா அந்த மோனோலாக், அதாவது தனியா நின்னு பேசுற வசனம் இருக்கே, அதுல கோவம்னா கோவத்த முகத்துல காட்டுறா, அழுகைன்னா அழுகைய காட்டுறா. அபிநயத்துல பழகின பிள்ளைங்க பலபேருக்கு இது வரும், அபிநயத்துல பாவம் கடைசி வரிசைல உக்காந்திருக்கவருக்கும் போய் சேரணும், அந்த கலையோட இலக்கணமே அது. இங்க ஆடிஷன் ரூம்ல பத்தடி தூரத்துல ரெண்டு பேர் உக்காந்திருப்பாங்க, அவங்க பார்க்கிறது எதிர்ல இருக்கிற ஆள்கிட்ட இவ என்ன கேக்குறா, அது கிடைக்கலைன்னா என்ன பண்றான்றததான். இது சொல்லிக்கொடுத்தா வரக்கூடிய விஷயம், ஆனா ஒரு செமஸ்டர்ல வராது, அதனாலதான் நாலு வருஷமும் நடிப்பு சொல்லித்தர்ற இடமா பார்க்க சொல்றேன்.

டிகிரி பேர்லயே பாதி குழப்பம் இருக்கு. பி.எஃப்.ஏ. (பேச்சலர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்)னா கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு கிரெடிட் தியேட்டர் பயிற்சிதான், மத்த சப்ஜெக்ட்டுக்கு இடம் கம்மி. பி.ஏ.ன்னா பொதுப்படிப்பு நிறைய, கூட இன்னொரு மேஜர் சேர்க்க முடியும். பி.எம். (பேச்சலர் ஆஃப் மியூசிக்)னா அது மியூசிக் டிகிரி, மியூசிக் தியரி, இயர் டிரெயினிங்னு போகும், நடிப்பு அதுக்கு அப்புறம்தான். ஒரே யுனிவர்சிட்டிக்குள்ளயே இது மாறும், என்.ஒய்.யு.வ (நியூயார்க் யுனிவர்சிட்டி) எடுத்துக்கோங்க, அங்க ஸ்டைன்ஹார்ட் ஸ்கூல்ல இருக்கிறது வாய்ஸ் சார்ந்த பி.எம்., டிஷ் ஸ்கூல்ல இருக்கிறது டிராமா பி.எஃப்.ஏ., ரெண்டுலேர்ந்தும் நியூயார்க்கோட பெரிய நாடக மேடையான பிராட்வே போறாங்க, ஆனா ரெண்டும் வேற வேற படிப்பு. டிஷ்ல வாரத்துல மூணு நாள் முழுக்க ஸ்டூடியோன்னு சொல்ற பயிற்சிக்கூடம், மீதி நாள் வழக்கமான கிளாஸ். அந்த ஸ்டூடியோல ஒண்ணுதான் நியூ ஸ்டூடியோ ஆன் பிராட்வே, பாட்டு டான்ஸ் நடிப்பு மூணும் அங்க இருக்கு. ஸ்டெல்லா ஆட்லர், ஸ்ட்ராஸ்பெர்க், அட்லாண்டிக், மைஸ்னர்னு மத்த ஸ்டூடியோ எல்லாம் சுத்தமா நடிப்புதான். ஆடிஷன் பார்த்துட்டு எந்த ஸ்டூடியோன்றத அவங்கதான் முடிவு பண்ணுவாங்க, அதனால "என்.ஒய்.யு. கிடைச்சிருச்சு"ன்னு மட்டும் யாராவது சொன்னா அந்த பிள்ளை என்ன படிக்கப்போறான்னு நமக்கு பாதிதான் தெரியும்.

நடிப்புக்குன்னு பார்த்தா என் மனசுல முதல்ல வர்றது பிட்ஸ்பர்க்ல இருக்கிற கார்னகி மெலன். 1914ல ஆரம்பிச்ச டிராமா ஸ்கூல், அமெரிக்காவுலயே டிராமால டிகிரி கொடுத்த முதல் இடம். அங்க மியூசிக் தியேட்டர் பிள்ளைங்களும் ஆக்டிங் பிள்ளைங்களும் அடிப்படை நடிப்புப் பயிற்சிய சேர்ந்தே எடுப்பாங்க, எனக்கு அது ரொம்ப முக்கியமா படுது, பாட்டு வரும்ன்றதுக்காக வெறும் வசனத்துல அவள யாரும் சும்மா விடமாட்டாங்க. ஆனா ஒரு வருஷத்துக்கு அவங்க எடுக்கிற மியூசிக் தியேட்டர் பிள்ளைங்கள ரெண்டு கை விரல விட்டு எண்ணிடலாம், கொஞ்சம் கூடுதலா இருக்கலாம், அவ்வளவுதான். மிச்சிகன் யுனிவர்சிட்டிலயும் சுமார் இருபது பேர்தான். அதனால இந்த ரெண்டையும் லிஸ்ட்ல வைங்க, இதை மட்டும் நம்பி உக்காராதீங்க.

அப்புறம் ஜூலியார்ட் பத்தி கேட்டிருந்தீங்க. அங்க மியூசிக்கல் தியேட்டர் டிகிரியே கிடையாது, தியேட்டர் பக்கம் நடிப்பு டிகிரிதான். ஆனா 2015ல ஹாமில்டன்ற மியூசிக்கல் பிராட்வே வந்தப்போ எலைசாவா பாடி நடிச்ச ஃபிலிப்பா சூ அந்த ஜூலியார்ட் ஆக்டிங்ல படிச்சவங்கதான். அதே மேடைல ஆரன் பர் ரோல் பண்ணி 2016ல பிராட்வேயோட பெரிய விருதான டோனி அவார்டு வாங்கின லெஸ்லி ஓடம் ஜூனியர் கார்னகி மெலன், அதே ஷோல நடிச்ச டேவீட் டிக்ஸ் பிரௌன் யுனிவர்சிட்டி. ஒரே ஷோ, மூணு பேரும் மூணு வழி. பாட்டு கையில இருக்கிற பிள்ளை பி.எஃப்.ஏ. ஆக்டிங்ல சேர்ந்துட்டு, பாட்டு கிளாஸ வெளில தொடர்ந்தாலும் மியூசிக்கல்ல வர முடியும்னு இதுலேர்ந்து புரியுது இல்லையா, அதனால அவ லிஸ்ட்ல ரெண்டு மூணு ஆக்டிங் டிகிரியும் இருக்கட்டும். நீங்க நியூஜெர்சில இருக்கிறதால ரட்கர்ஸ் யுனிவர்சிட்டியோட மேசன் குரோஸ் ஸ்கூல்ல இருக்கிற ஆக்டிங் பி.எஃப்.ஏ.வ கண்டிப்பா பாருங்க, லண்டன்ல ஷேக்ஸ்பியர்ஸ் குளோப்ல போய் படிக்கிறது அந்த பயிற்சிலயே ஒரு பாகம், அதுக்கு மேல, அந்த மாநிலத்துக்காரங்களுக்கான குறைஞ்ச இன்ஸ்டேட் ஃபீஸும் உங்களுக்கு கிடைக்கும். மாண்ட்கிளேர் ஸ்டேட்ல மியூசிக்கல் தியேட்டர் பி.எஃப்.ஏ.வே இருக்கு, அதுக்கும் இன்ஸ்டேட்.

நம்ம ஊர் முகத்துக்கு அங்க என்ன வேலைன்னு அவ அப்பா கேட்டிருக்கார், நியாயமான கவலைதான், அத தள்ளிவிடாதீங்க. 2021ல பிராட்வே திரும்ப திறந்தப்போ அலாதீன் ஷோல ஜாஸ்மினா இருந்தது ஷோபா நாராயண், அலாதீனா இருந்தது மைக்கேல் மலியாகல், ரெண்டு பேரும் இந்திய வம்சாவளி. ஷோபா பரதநாட்டியம் கத்துக்கிட்டு வளர்ந்தவங்க, பாஸ்டன் கன்சர்வேட்டரில மியூசிக்கல் தியேட்டர் படிச்சவங்க. ரெண்டு பேரு வந்துட்டாங்கன்னு எல்லாருக்கும் கதவு திறந்திருச்சுன்னு நான் சொல்ல வரல, வேலை நிரந்தரமில்லாத துறைதான் இது, ஆனா வழியே இல்லன்னு சொல்றதும் சரியில்ல.

சரி, ஒரு காலேஜோட நடிப்பு பயிற்சி நல்லதா இல்லையான்னு நாம எப்படி கண்டுபிடிக்கிறது. வெப்சைட்ல எல்லாரும் "டிரிபிள் த்ரெட்"னு, அதாவது பாட்டு டான்ஸ் நடிப்பு மூணும் வரும்னு போட்டிருப்பாங்க, அத விட்டுட்டு நாலு வருஷ பாடத்திட்டம்னு ஒரு ஷீட் இருக்கும், அத டவுன்லோட் பண்ணுங்க. எட்டு செமஸ்டர்லயும் ஆக்டிங்னு ஒரு கிளாஸ் இருக்கான்னு பென்சில வச்சு டிக் பண்ணுங்க. சில இடத்துல ரெண்டு வருஷத்தோட நடிப்பு முடிஞ்சிடும், அப்புறம் வர்றதெல்லாம் பாட்டுக்குள்ள நடிப்பு சொல்லித்தர்ற கிளாஸ்தான், அது வேணும்தான், ஆனா பாட்டே இல்லாம ரெண்டு பேர் உக்காந்து பேசுற சீன் ஸ்டடிக்கு அது பதில் ஆகாது, ஏன்னா பாட்டுல எங்க மூச்சு விடணும், எங்க உடையணும்னு இசையமைச்சவரே எழுதி வச்சிருப்பார், வெறும் வசனத்துல அதெல்லாம் அவளேதான் கண்டுபிடிக்கணும். ஷேக்ஸ்பியர் மாதிரி செய்யுள் நடை வசனத்துக்கு கிளாஸ் இருக்கா, பேச்சுக்குரலுக்கு லிங்க்லேட்டர், ஃபிட்ஸ்மாரிஸ் மாதிரி பயிற்சி இருக்கா, உடம்புக்கு அலெக்சாண்டர் டெக்னிக், லாபான் இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. மைஸ்னரா ஸ்டானிஸ்லாவ்ஸ்கியான்ற சண்டைல நீங்க இறங்க வேண்டாம், ஏதோ ஒரு முறைய ஒழுங்கா, ஒரே ஆசிரியர்கிட்ட கொஞ்ச காலமாவது தொடர்ந்து கத்துக்குறாளான்றதுதான் கேள்வி.

அடுத்தது நேர்ல போய் ஒரு ஆக்டிங் கிளாஸ்ல உக்காந்து பார்க்க விடுவாங்களான்னு கேளுங்க. விட்டா பிள்ளைய மட்டும் அனுப்புங்க. கிளாஸ்ல எத்தனை பேர், ஒரு பிள்ளை எழுந்து வேலை செய்ய எவ்ளோ நேரம் கிடைக்குது, டீச்சர் திட்டுறாரா திருத்துறாரான்னு அவ பார்த்துட்டு வரட்டும். டூர் கைடா வர்ற பிள்ளைகிட்ட கேக்காதீங்க, மூணாவது வருஷம் படிக்கிற பிள்ளைய தேடிப்பிடிச்சு கேளுங்க. முதல் வருஷத்துல மேடை ஏத்துவாங்களா, சில இடத்துல ஏத்தமாட்டாங்க, அதுக்கு பயப்பட வேண்டாம், அந்த நேரம் கிளாஸுக்கு போகுதுன்னா அது நல்லதுதான். ரெண்டாம் வருஷ முடிவுல மதிப்பீடு பண்ணி யாரையாவது புரோகிராம்லேர்ந்து நீக்குவாங்களா, இத கண்டிப்பா கேக்கணும். கடைசி வருஷ பிள்ளைங்க ஏஜென்ட்டுங்க முன்னாடி நடிச்சுக் காட்டுற சீனியர் ஷோகேஸ் பத்தி அவங்க நிறைய பேசுவாங்க, கேட்டுக்கோங்க, ஆனா அது நாலு வருஷத்துல ஒரு சாயங்காலம்.

காசு. கார்னகி மெலன், என்.ஒய்.யு. மாதிரி பிரைவேட் இடத்துல தங்குமிடம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல ஆகும். இந்த துறைக்கு அவ்ளோ கடன் வாங்கி சேர்க்காதீங்க, இதுல நான் உறுதியா இருக்கேன். கடன் இருந்தா இருபத்திரெண்டு வயசுல சின்ன தியேட்டர்ல நல்ல ரோல் வந்தாலும் அவளால எடுத்துக்க முடியாது, மாசத் தவணைக்கு ஓடணும். ஒவ்வொரு காலேஜ் சைட்லயும் உதவித்தொகை போக நம்ம கையிலேர்ந்து எவ்ளோ ஆகும்னு கணக்கு காட்டுற நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும், அப்பாவ உக்கார வச்சு அத போட சொல்லுங்க, அவரும் இதுல ஒரு வேலையா உள்ள வந்துடுவார். அந்த காலேஜோட நிதிநிலைமையும் பார்க்கணும். ஃபிலடெல்ஃபியால யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ்னு இருந்தது, மியூசிக்கல் தியேட்டர் பிள்ளைங்களும் அங்க இருந்தாங்க, 2024 மே 31ம் தேதி மூடப்போறோம்னு சொல்லி ஜூன் 7ம் தேதி மூடிட்டாங்க. ஒரே வாரம். அந்த பிள்ளைங்க எல்லாம் எங்க போறதுன்னு தெரியாம நின்னாங்க, அதனால அக்ரெடிடேஷன், அதாவது காலேஜுக்கான அங்கீகாரம் ஒழுங்கா இருக்கா, மாணவர் எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே போகுதா, இதெல்லாம் கூகுள்ல தேடிப் பார்க்கிறதுல தப்பே இல்ல.

அப்பாவுக்கு இன்னொரு மேஜர் வேணும்னா சிகாகோ பக்கத்துல நார்த்வெஸ்டர்ன் இருக்கு, அங்க தியேட்டர் மேஜருக்கு ஆடிஷன் இல்லாமலே அட்மிஷன், உள்ள போனப்புறம் மியூசிக் தியேட்டரும் படிக்கலாம், நடிப்பு பயிற்சிக்கு ரொம்ப நாளா பேர் இருக்கு, கூட இன்னொரு மேஜர் எடுக்கிற பிள்ளைங்களும் அங்க நிறைய. ஆனா மார்க்குல போட்டி பயங்கரம், அதனால கால்குலஸ விட்டுட வேண்டாம்னு சொல்லுங்க.

இப்போலேர்ந்து என்ன செய்யணும்னா, பெரும்பாலான காலேஜ்ல நேர் ஆடிஷனுக்கு முன்னாடி வடிகட்டுறதுக்கு பிரீஸ்கிரீன்னு ஒரு வீடியோ கேப்பாங்க, ஒண்ணுக்கொண்ணு வேற மாதிரி ரெண்டு பாட்டு, மோனோலாக், டான்ஸ், சிலர் வைல்ட் கார்டுன்னு இஷ்டப்பட்டத அனுப்ப சொல்வாங்க, அந்த இடத்துல அவளோட பரதநாட்டியத்த தைரியமா போடுங்க. பிரீஸ்கிரீன் பாஸானா நேர் ஆடிஷன், ஜனவரி பிப்ரவரில நியூயார்க், சிகாகோல யூனிஃபைட்ஸ்னு பல காலேஜ் ஒரே இடத்துல வந்து பார்ப்பாங்க, உங்களுக்கு நியூயார்க் டிரெயின் தூரம்தான். முடிவு மார்ச் கடைசிக்குள்ள வந்துடும், டெபாசிட் கட்ட மே 1. ஆடிஷன் உள்ள இடம் பன்னெண்டு வரைக்கும், ஆடிஷன் இல்லாத இடம் ரெண்டு மூணு, அதுவும் அவ சந்தோஷமா போகக்கூடிய இடமா வைங்க, சும்மா பேருக்கு வைக்காதீங்க.

இந்த சம்மர் அவள பாட்டு கேம்புக்கு அனுப்பாதீங்க, நடிப்பு கிளாஸுக்கு அனுப்புங்க. மில்பர்ன்ல பேப்பர் மில் பிளேஹவுஸ் நடத்துற வகுப்பெல்லாம் உங்களுக்கு பக்கம். பாட்டுக்கு மியூசிக்கல் தியேட்டர் தெரிஞ்ச ஒரு வாய்ஸ் டீச்சர் போதும், கர்நாடக சங்கீதத்துல பழகின குரல் கீழ நல்லா கனமா இருக்கு, மேல போறப்போ கனமான குரலையும் மெல்லிய குரலையும் மிக்ஸ் பண்ண கத்துக்கணும், இங்கிலீஷ் உயிரெழுத்த நீட்டுறதும் வேற மாதிரி. மோனோலாக் அச்சுல வந்த நாடகத்துலேர்ந்து, அவ வயசுக்கு பொருந்துற ஒரு பொண்ணோடதா, ஒண்ணரை நிமிஷத்துக்குள்ள இருக்கட்டும், சினிமாலேர்ந்து வேண்டாம், அழுது கத்துற சீனும் வேண்டாம். யாரையோ எதுக்கோ சம்மதிக்க வைக்கிற மாதிரி ஒரு பேச்சு எடுத்தா அவளுக்கு எதிர்ல ஆள் இருக்கிற நினைப்பு தானா வரும். நாடகத்த முழுசா படிச்சு முடிச்சுட்டு நாலு மோனோலாக் தேர்ந்தெடுத்து ஜூன் கடைசிக்குள்ள எனக்கு அனுப்ப சொல்லுங்க அக்கா, கூடவே உங்க லிஸ்ட்ல இருக்கிற காலேஜோட அந்த நாலு வருஷ ஷீட்டும், நீங்க டிக் பண்ணினது அப்படியே இருக்கட்டும், உக்காந்து பேசலாம்.