வீட்டிலேயே பொடி, ஊறுகாய் வணிகம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, மாங்காய் ஊறுகாய் ஆகியவற்றைச் செய்து வாட்ஸ்அப் வழியாக அக்கம்பக்கத்தாருக்கு விற்கிறேன். மாதம் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு விற்பனையாகிறது. இவ்வளவு சிறிய வணிகத்திற்கும் பதிவு வேண்டுமா? முகவர் ஒருவர் ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார்.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006, சிறு உணவு வணிகருக்கு உரிமம் பெறுவதிலிருந்துதான் விலக்கு அளிக்கிறதே தவிர, பதிவு செய்வதிலிருந்து அளிக்கவில்லை. 2011-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரைச் சிறு வணிகராக வகைப்படுத்தி, பதிவுக் கட்டணத்தை ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்தன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 'ஃபாஸ்காஸ்' இணையதளத்தில் புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றைக் கொண்டு நீங்களே விண்ணப்பிக்கலாம். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் பல இருப்பதால், பணம் செலுத்துமுன் தளத்தின் முகவரியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முகவருக்கு ஐயாயிரம் கொடுக்கும் அளவுக்கு இதில் வேலை எதுவும் இல்லை. வாடகை வீடு என்பதால் உரிமையாளரிடம் எழுத்துவழி இசைவு பெற்று வைத்துக்கொள்வது பிற்காலப் பிணக்கைத் தவிர்க்கும்.

பதிவை விட உறையில்தான் பலரும் தவறுகிறார்கள். பொடியாக அரைத்த மசாலாவை உறையிடாமல் விற்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே வாடிக்கையாளர் கொண்டுவரும் டப்பாவில் சாம்பார்ப் பொடியை அளந்து கொட்டும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். உறையின்மேல் பொருளின் பெயர், எடையில் மிகுந்தது முதல் குறைந்தது வரையான சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த நாள், எதுவரை பயன்படுத்தலாம் என்ற விவரம், தொகுதி எண் (பேட்ச் எண்), உங்கள் பெயரும் முகவரியும், சைவப் பொருளுக்கான பச்சைக் குறி, அதிகபட்ச சில்லறை விலை, 14 இலக்கப் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். பயன்பாட்டுக் காலத்தைக் கடையில் விற்கும் பாட்டிலைப் பார்த்து 12 மாதம் என்று எழுதிவிடாதீர்கள். அவர்கள் சேர்க்கும் பதப்படுத்திகள் உங்கள் ஊறுகாயில் இருக்காது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பாட்டிலை எடுத்துவைத்துக் கவனித்து, கெடத் தொடங்கும் காலத்திற்கு நன்கு முன்னதாகவே நாளைக் குறியுங்கள். 'சர்க்கரை நோயைத் தீர்க்கும்' என்பன போன்ற வாசகங்கள் அறவே கூடாது. தவறான விளம்பரத்திற்குப் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

கேள்வி: வீட்டு உபயோக கேஸ் சிலிண்டரிலேயே விற்பனைக்கான முறுக்கும் அதிரசமும் சுடலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: கூடாது. 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்காக மட்டுமே வழங்கப்படுவதால், விற்பனைக்கான சமையலுக்கு 19 கிலோ வணிக சிலிண்டரைத் தனியே பெற வேண்டும். விலை கூடுதல்தான், அந்த வேறுபாட்டை முதல் நாளிலிருந்தே முறுக்கின் அடக்க விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.