கில்ட் துணியின் கோடுகள் இருபுறமும் ஒத்துவரவில்லையே, குறைபாடா?

கேள்வி: கிளாஸ்கோவில் வேலை செய்கிறேன். உடன் பணிபுரியும் ஸ்காட்லாந்து நண்பரின் திருமணத்துக்காகக் கில்ட் (அந்நாட்டு ஆண்கள் இடுப்பில் சுற்றி அணியும் மடிப்பு வைத்த பாவாடை) தைத்துக்கொள்ள ஆசை. கில்ட்டுக்கான வண்ணக் கட்டத்துணியான டார்டனை ஸ்காட்லாந்துக் குலம் எதையும் சேராத நான் அணிந்தால் தவறாக நினைப்பார்களா? கடையில் எனக்குப் பிடித்த ஒரு துணியில், நடுக்கோட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி இல்லை. அதை வாங்கலாமா?

பதில்: தாராளமாக அணியுங்கள். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அரச குடும்பத்துக்கு உரிய பால்மோரல் டார்டனை மட்டும் மரபை மதித்துத் தவிர்த்துவிடுங்கள்.

குலம் இல்லாதவருக்கு என் முதல் பரிந்துரை, குலத்தின் பெயரில் இல்லாமல் ஓர் ஊரின் பெயரில் அமைந்த ஊர் டார்டன்தான். அதைக் குல டார்டனுக்கு ஒரு படி கீழாகக் கருதுவோர் உண்டு; அது சரியல்ல. 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்த பிறகுதான் குலத்துக்கொரு டார்டன் என்னும் மோகம் வேகம் பிடித்தது. பானக்பர்ன் ஊரின் வில்சன் நெசவாலையின் 1819 மாதிரிப் புத்தகத்திலேயே கிளாஸ்கோ பெயரில் டார்டன் இருக்கிறது. நீங்கள் வாழும் ஊரின் துணியை உடுத்தி அந்த ஊர்த் திருமணத்துக்குப் போவது நல்ல மரியாதை.

நவநாகரிக டார்டன் என்றால் வடிவமைப்பாளரின் கற்பனை. ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் 1993இல் தன் கணவர் ஆண்ட்ரியாஸின் பெயரில் மக்ஆண்ட்ரியாஸ் என்று ஒன்றை உருவாக்கினார். இந்த வகையில் சிலவற்றுக்கு உரிமைக் கட்டுப்பாடு உண்டு. தனியாக நெய்யச் சொல்வதானால், 2009 முதல் செயல்படும் ஸ்காட்லாந்து டார்டன் பதிவேட்டில் முதலில் பெயரைத் தேடிப் பாருங்கள்.

இனி அந்தக் கோடுகள். பெரும்பாலான டார்டன்களில் நிறவரிசை ஒரு கோட்டை அடைந்ததும் வந்த வழியே திரும்பும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருபுறமும் ஒத்திருக்கும். சில டார்டன்களில் வரிசை திரும்பாது. முடிந்த இடத்திலிருந்து மறுபடி முதலிலிருந்தே தொடங்கும். பெயர்பெற்ற பியூக்கனன் குல டார்டனே இப்படிப்பட்டதுதான். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரே திசையில் ஓடுகிற அந்தத் துணியில் இருக்கும் துள்ளல் சமச்சீர்த் துணியில் வராது என்பது என் எண்ணம்.

பிழையா என்று கடையிலேயே கண்டறியலாம். துணியை விரித்து, பாவில் (நீளவாக்கில் ஓடும் நூல்களில்) ஒரு முழு வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே நிறம் நிறமாகச் சொல்லுங்கள். அடுத்த வரிசையும் அதே ஒழுங்கில் வருகிறதா? பிறகு ஊடையிலும் (குறுக்கே ஓடும் நூல்களிலும்) பாருங்கள். இரண்டிலும் அதே ஒழுங்கு மாறாமல் வந்தால் அது திட்டமிட்ட நெசவு. ஓரிடத்தில் மட்டும் கோடு தடித்தோ விடுபட்டோ இருந்தால்தான் குறை. பாவும் ஊடையும் வேண்டுமென்றே வேறுபடும் வடிவங்கள் சில உண்டு. அப்படித் தோன்றினால் பதிவேட்டின் நூல் எண்ணிக்கையோடு, அதாவது எந்த நிறத்தில் எத்தனை நூல் எந்த வரிசையில் வரும் என்னும் குறிப்போடு, ஒப்பிடுங்கள்.

வாங்குவதற்கு முன் கில்ட் தைப்பவரிடம் கட்டாயம் பேசுங்கள். வழக்கமாக இரட்டை அகலத் துணி 4 கெஜம் வாங்கி, நீளவாக்கில் இரண்டாக வெட்டி, முனையோடு முனை சேர்த்து 8 கெஜமாக்குவார்கள். கில்ட்டின் கீழ் விளிம்பு மடித்துத் தைக்காத நெய்த ஓரமாக இருக்க வேண்டும். அதற்காக ஒரு பாதியைத் தலைகீழாகத் திருப்பிச் சேர்ப்பார்கள். சமச்சீர்த் துணியில் இது கண்ணுக்கே தெரியாது. நீங்கள் பார்த்த துணியிலோ, திருப்பிய பாதியில் நிறவரிசை எதிர்த்திசையில் ஓடும். இடுப்பைச் சுற்றி வரும்போது பாதி வழியில் வடிவம் உடைந்துவிடும். ஆகவே ஒற்றை அகலத்தில் நெய்த துணி 8 கெஜம் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால், ஒரு பாதியின் அடிவிளிம்பை மடித்துத் தைக்கத் தையற்காரர் சம்மதிக்க வேண்டும். அந்தப் பாதி சற்றுத் தடித்துத் தெரியும். அதுவும் பிடிக்கவில்லையென்றால் கிளாஸ்கோ டார்டனையே எடுத்துக்கொள்ளுங்கள்.