கல்லீரல் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறிகள் என்ன? குடிக்காத என் அப்பாவுக்கு ஃபேட்டி லிவர் என்கிறார்கள், பயப்பட வேண்டுமா?

ஆரம்பக் கட்டத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. கல்லீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது, அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குத்தான் தெரியும். கட்டி பெரிதாகி அந்த உறையை இழுக்கும்போதுதான் வலது விலாவுக்குக் கீழே மந்தமாக வலிக்க ஆரம்பிக்கும், சிலருக்கு அதே வலி வலது தோள்பட்டையில் போய்த் தெரியும், அவர்கள் எலும்பு டாக்டரைத் தேடிப் போவார்கள்.

கவனிக்க வேண்டியவை என்றால், காரணமில்லாமல் எடை குறைவது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, ஓய்வெடுத்தும் தீராத அசதி, கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறத்தில் போவது, மலம் வெளுத்துப் போவது, உடம்பெல்லாம் அரிப்பு, வயிற்றில் நீர் கோர்ப்பது. இதில் ஒன்று வந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, பித்தப்பைக் கல்லுக்கும் சாதாரண மஞ்சள் காமாலைக்கும் கூட இவற்றில் பல வரும். ஆனால் ஏற்கெனவே சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிப்போன நிலை, இருக்கும் ஒருவருக்கு, இதுவரை நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று வயிறு வீங்கினாலோ காமாலை வந்தாலோ, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் அறிகுறிப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, நமக்கு ஆபத்து இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். என் சித்தப்பா வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை, ஆனால் அவருக்கு ஹெபடைட்டிஸ் பி என்ற, கல்லீரலைத் தாக்கும் கிருமித் தொற்று இருந்தது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதபோது, வழக்கமாக எடுக்கும் ஸ்கேனில்தான் சின்னக் கட்டி ஒன்று தெரிந்தது, சின்னதாக இருந்ததால் அறுவை சிகிச்சை செய்து எடுக்க முடிந்தது. 'குடிக்காதவருக்கு எப்படி வந்தது' என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். மது ஒரு காரணம்தான், ஆனால் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள், ஃபேட்டி லிவர், சர்க்கரை நோய், உடல் பருமன், புகை, பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் சோளத்திலும் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு, இவையும் காரணம். அதிலும் ஹெபடைட்டிஸ் பி, சிரோசிஸ் வராமலேயே நேராகப் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது.

சிரோசிஸ் இருப்பவர்களும் ஆபத்து அதிகமுள்ள ஹெபடைட்டிஸ் பி காரர்களும் 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும், கூடவே ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். ஏஎஃப்பி நார்மல் என்றால் புற்றுநோய் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள், சின்னக் கட்டி இருக்கும் பலருக்கு அது நார்மலாகவே வரும். லிவர் ஃபங்ஷன் டெஸ்டும் அப்படித்தான்.

தடுக்க முடியுமா என்றால், பெரிய அளவுக்கு முடியும். ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். தைவான் 1984-லேயே இதை நாடு முழுக்கத் தொடங்கியது, அடுத்த தலைமுறைப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் தெளிவாகக் குறைந்தது. பெரியவர்களும் ரத்தப் பரிசோதனை செய்து, கிருமி இல்லையென்றால் போட்டுக்கொள்ளலாம். ஹெபடைட்டிஸ் சி-க்கு ஊசி கிடையாது, ஆனால் 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குக் குணமாகிறது. குணமானாலும் சிரோசிஸ் வந்துவிட்டவர்கள் ஸ்கேனை நிறுத்தக் கூடாது, பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அப்புறம், காபி குடிப்பவர்களிடம் இந்தப் புற்றுநோய் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, காபிப் பிரியனான எனக்கு இதைச் சொல்வதில் தனி சந்தோஷம்!

சரி, உங்கள் அப்பா விஷயம். ஃபேட்டி லிவர் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி, கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பது. ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது, அவருடைய வயது, ரத்தப் பரிசோதனையில் வரும் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற கல்லீரல் நொதிகளின் அளவு, பிளேட்லெட் எண்ணிக்கை இந்த நான்கும் தெரிந்தால் டாக்டர் உடனே போட்டுச் சொல்லிவிடுவார், சந்தேகம் இருந்தால் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார். எடை அதிகமாக இருந்தால் அதில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே கல்லீரலின் கொழுப்பும் அழற்சியும் நன்றாகக் குறையும். கூடவே ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறை டெஸ்ட் எடுத்துவிடுங்கள், அப்பாவுக்கு பி இருப்பது தெரிந்தால் உங்கள் வீட்டில் எல்லோருமே எடுக்க வேண்டியிருக்கும்.