ஸ்போர்ட்டி காருக்கு எந்த பெர்ஃபாமன்ஸ் டயர்? பிடிமானம் வேண்டுமா, கையாளுமை வேண்டுமா?

மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், காண்டினென்டல் ஸ்போர்ட்காண்டாக்ட் 7, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஸ்போர்ட் ஆகிய மூன்றில் 225/40 ஆர்18 அளவில் (225 மில்லிமீட்டர் அகலம், அதில் 40 விழுக்காடு பக்கச்சுவர் உயரம், 18 அங்குல ரிம்) எது அதிகப் பிடிமானத்தையும் நல்ல கையாளுமையையும் தரும் என்று கேட்டிருக்கிறீர்கள். 245 அகலத்துக்கு மாறலாமா என்றும், இப்போதைக்கு முன் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் மாற்றிவிட்டுப் பின்னிரண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்றும் கூடவே வினவியிருக்கிறீர்கள். உங்களுடையது முன் சக்கர இயக்கம் கொண்ட ஹாட் ஹேட்ச் வகைக் கார் (வேகத்திறன் கூட்டிய ஹேட்ச்பேக்), ஏழரை அங்குல ரிம், அவ்வப்போது டிராக்கிலும் ஓட்டுவீர்கள் என்று ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். என் காரும் அத்தகையதே என்பதால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் சொல்லத் தோன்றியது.

"சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு டயரின் வித்தியாசமெல்லாம் தெரியாது" என்று இத்தகைய கேள்விகளுக்கெல்லாம் யாராவது ஒருவர் பதில் சொல்லிவிட்டுப் போவார். அது எனக்குச் சற்று எரிச்சலூட்டும். காரில் சாலையைத் தொடுவன நான்கு உள்ளங்கையளவு ரப்பர்ப் பரப்புகள் மட்டுமே. திடீரென்று பிரேக்கை மிதிக்கிற எவருக்கும், அவர் பந்தய ஓட்டுநராக இருக்க வேண்டியதில்லை, அந்த வித்தியாசம் தெரியவே செய்யும்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிடிமானத்தையும் கையாளுமையையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டுவிட்டீர்கள். ரப்பர்க் கலவை சாலையை எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பதைப் பொறுத்தது பிடிமானம். ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணத்தில் கார் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது, வளைவின் நடுவில் செய்யும் சிறு திருத்தத்துக்கு எப்படிப் பணிகிறது, பிடி நழுவப்போவதை முன்கூட்டியே உணர்த்துகிறதா அல்லது சட்டென்று கைவிட்டுவிடுகிறதா என்பனவெல்லாம் கையாளுமையைச் சேர்ந்தவை; இவற்றில் பக்கச்சுவரின் விறைப்புக்கும் ட்ரெட் பிளாக்குகளின் (சாலையைத் தொடும் பரப்பிலுள்ள ரப்பர்க் கட்டிகளின்) அளவுக்கும் பெரும்பங்கு உண்டு. வளைவில் ஒரு டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையில் எப்போதும் சில பாகை வேறுபாடு இருக்கும். இதற்கு ஸ்லிப் ஆங்கிள் என்று பெயர். அந்தக் கோணம் கூடக்கூடப் பக்கவாட்டு விசையும் கூடி, ஓர் உச்சத்தைத் தொட்டபின் இறங்கத் தொடங்கும். விறைப்பான டயர் சிறிய கோணத்திலேயே அந்த உச்சத்தை எட்டிவிடுவதால் கைக்குக் கூர்மையாகத் தெரியும். சற்று நெகிழ்வான டயர் உச்சத்தை மெதுவாக எட்டி மெதுவாகவே இறங்குவதால், எல்லையை நெருங்குகிறோம் என்பதை உணர ஓட்டுநருக்கு அவகாசம் கிடைக்கும். முதல் வகையில் ஓட்டுவது உற்சாகமானது. இரண்டாம் வகையில், பெரும்பாலானோர் முதல் வகையைவிட வேகமாகவே ஓட்டிவிடுவார்கள்.

இந்த வேறுபாட்டை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட என் காரில் பார்த்துத் தெரிந்துகொண்டதே அதிகம். ஒரே அகலமுள்ள இரண்டு செட் ரிம்களில், ஒன்றில் ட்ரெட்வேர் (தேய்மானத்தைத் தாங்கும் அளவைக் காட்டும் எண்) 300 என்று குறிக்கப்பட்ட சாலை வகை டயர்களையும், மற்றொன்றில் 200 என்று குறிக்கப்பட்ட, டிராக்கை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்பட்ட டயர்களையும் பொருத்தி, அலைன்மென்ட்டை (சக்கரங்களின் கோண அமைப்பை)த் தொடாமல், மூடிய டிராக்கில் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கிங்கில் 200 வகை தெளிவாக முந்தியது. வளைவுகளில்தான் வியப்பு காத்திருந்தது. பிடிமானம் கூடிய அந்த டயரில் கார் முதலில் கூர்மையாகத் திரும்பிவிட்டு, வளைவின் நடுவில் மூக்கை வெளியே தள்ளியது. ஸ்டீயரிங்கை மேலும் திருப்பினால் டயர் முனகியதே தவிர, கார் உள்ளே வரவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க, முன் இடது டயரின் தோளில், ட்ரெட்டின் விளிம்பிலிருந்து பக்கச்சுவர் வரை இறங்குமாறு சாக்பீஸால் சில கோடுகள் போட்டேன். பல டயர்களின் பக்கச்சுவர் மேற்பகுதியில் சிறு முக்கோணக் குறிகள் இருக்கும். தேய்மான அடையாளம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் காட்ட வைத்தவை அவை. டிராக் ஓட்டுநர்கள் அதையே டயர் எவ்வளவு தூரம் மடிந்து உருள்கிறது என்பதற்கும் அளவுகோலாகக் கொள்வார்கள். 300 வகையில் சாக்பீஸ் கோடு முக்கோணத்துக்கு மேலேயே அழிந்து நின்றிருந்தது. 200 வகையில் முக்கோணத்தைத் தாண்டியும் கோட்டைக் காணவில்லை. வெளித்தோள் ரப்பர் மணிமணியாகக் கிழிந்து சுருண்டிருக்க, உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ட்ரெட் ஏறக்குறையப் புதிதாகவே இருந்தது. அதாவது, டயர் கூடுதலாகப் பற்றியதால் கார் கூடுதலாகச் சாய்ந்தது. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷனில் உடல் அவ்வாறு சாயும்போது வெளிச்சக்கரமும் அதனோடு வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். ட்ரெட்டின் முழு அகலத்துக்கும் காசு கொடுத்துவிட்டு அதன் வெளிவிளிம்பில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன். சக்கரத்தின் சாய்வை மாற்ற உதவும் கேம்பர் பிளேட் பொருத்தி, முன்சக்கரங்களுக்கு எதிர்மறைக் கேம்பரை, அதாவது மேற்பகுதி உட்பக்கம் சாயும் கோணத்தை, கூட்டிய பிறகே அந்த டயர் தன் முழுத் திறனைக் காட்டியது. இயல்பான அலைன்மென்ட்டில், 300 வகை டயரில்தான் என் கார் ஓட்டுவதற்கு இனிமையாக இருந்தது.

ஒருவர் தம் ஒரே காரில் செய்து பார்த்தது எதை நிரூபிக்கும் என்று சிலர் கேட்பார்கள் என்பது தெரியும். என் காரைத் தவிர வேறெதைப் பற்றியும் அது நிரூபிக்காது. ஆயினும் அலைன்மென்ட், காற்றழுத்தம், ரிம் அகலம் எதையும் குறிப்பிடாமல் "இந்த டயர் அந்த டயரைவிட அருமை" என்று எழுதப்படும் ஒப்பீடுகள் அந்த அளவுக்குக்கூடப் பயன்படா. அவற்றில் பெரும்பாலானவை மொட்டையாகத் தேய்ந்த பழைய டயரைப் புதிய டயரோடு ஒப்பிடுபவை. அந்தப் போட்டியில் எந்தப் புதிய டயரும் வென்றுவிடும். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. புதிய டயரில் ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழமுள்ள பிளாக்குகள் பக்கவாட்டு விசையில் நெளியும் என்பதால், பாதி தேய்ந்த டயர் உலர்ந்த சாலையில் புதியதைவிடக் கூர்மையாகத் தோன்றும். அதை நம்பிப் பழையதே மேல் என்று முடிவுகட்டுகிறவர் அடுத்த மழையில் திண்டாடுவார். மேலும், புதிய டயரின் மேற்பரப்பு சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகே உண்மையான பிடியைத் தரும். பொருத்திய அன்றைக்கே தீர்ப்பு எழுதுவதில் பொருளில்லை.

டயர் பொருத்தும் கடைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெர்ஃபாமன்ஸ் டயர்களில் பல சமச்சீரற்ற ட்ரெட் கொண்டவை: வளைவில் சுமை தாங்குவதற்காக வெளிப்புறம் பெரிய பிளாக்குகளும், நீரை வெளியேற்றுவதற்காக உட்புறம் கூடுதல் பள்ளங்களும் அமைந்திருக்கும். எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்பது பக்கச்சுவரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அப்படியிருந்தும் ஒருமுறை என் காரின் நான்கு டயர்களில் ஒன்றை உள்வெளி மாற்றிப் பொருத்தி அனுப்பினார்கள். நான்கிலும் 40 பிஎஸ்ஐ காற்றை நிரப்பி, "இறுக்கமாக இருந்தால்தான் ஹேண்ட்லிங் நன்றாக இருக்கும்" என்று விளக்கமும் சொன்னார்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும் தாளில் கார் நிறுவனம் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியே அழுத்தம் குறிப்பிட்டிருப்பதை அவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை. அளவுக்கு மீறிய காற்றில் ஸ்டீயரிங் முதல் திருப்பத்தில் சுறுசுறுப்பாகத் தோன்றும். சாலையைத் தொடும் பரப்பு சுருங்கிவிடுவதால் வளைவின் நடுவில் பிடி குறையும், மேடுபள்ளத்தில் கார் துள்ளும். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ உயரும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். டிராக்கில் சூடான டயரின் அழுத்தத்தை அளந்து சரிசெய்ய வேண்டியது இதனால்தான். டயருக்கு இவ்வளவு செலவு செய்கிறவர்கள் நல்ல பிரஷர் கேஜ் ஒன்றை வாங்கத் தயங்குவது ஏனென்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ட்ரெட்வேர் எண்ணை வைத்துப் பிடிமானத்தைக் கணிக்கலாமா என்ற கேள்வியும் வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அது அமெரிக்கத் தரக்குறியீட்டு முறையைச் சேர்ந்தது. டெக்சாஸ் மாநிலச் சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, 100 என்று வைத்துக்கொள்ளப்பட்ட ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தை ஒப்பிட்டு, அதிலிருந்து தயாரிப்பாளரே குறிக்கும் எண். அங்கே பல அமெச்சூர் போட்டிப் பிரிவுகளில் குறைந்தது 200 இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால், போட்டிக்கென்றே தயாராகும் டயர்களும் சரியாக 200 என்ற முத்திரையோடு வருகின்றன. ஆகவே ஒரே 200-க்குள் மிகவும் வேறுபட்ட டயர்கள் இருக்கும். அதே முறையின் ஏஏ, ஏ போன்ற டிராக்‌ஷன் தரங்கள், நனைந்த தளத்தில் சக்கரம் பூட்டிய நிலையில் நேர்க்கோட்டில் அளக்கப்படுபவை. வளைவைப் பற்றி அவை எதுவும் சொல்லா. ஐரோப்பிய ஒன்றியத்தின் லேபிளிலும் ஈரப்பிடிமானம், எரிபொருள் சிக்கனம், ஓசை ஆகியவை இருக்கும். உலர்ந்த சாலைப் பிடிமானம் இருக்காது.

மழையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். 200 வகை டயர்களில் பொதுவாகப் பள்ளங்கள் குறைவு, ட்ரெட் ஆழமும் குறைவு. என்னுடையவை சற்றே தேய்ந்ததும், தேங்கிய நீரில் மற்றச் செட்டைவிட முன்னதாகவே மிதக்கத் தொடங்கின. ஸ்டீயரிங்கில் எடையே இல்லாமல் போகும் அந்த ஒரு கணம் போதும், அதன்பின் மழைநாளில் அவற்றை வெளியே எடுக்க மனம் வரவில்லை. குளிரிலும் இதே கதைதான். ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடைக்கால டயர்கள் அனைத்தின் ரப்பரும் விறைக்கத் தொடங்கும். டிராக் வகையில் அது இன்னும் கடுமையாக இருக்கும்.

245-ஐப் பொறுத்தவரை, வேண்டாம் என்பதே என் கருத்து. 245/40 ஆர்18 டயருக்கு ஏற்கப்பட்ட ரிம் அகலம் 8 அங்குலத்தில் தொடங்குகிறது; உங்கள் ரிம் ஏழரை. பொருந்தாத ரிமில் பக்கச்சுவர் உள்நோக்கி இழுக்கப்பட்டு, பலூன் போல உப்பி, நீங்கள் தேடும் கூர்மையையே மழுங்கடிக்கும். தவிர, அதன் விட்டம் உங்கள் இப்போதைய டயரைவிட ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் பெரிது. அகலமான டயர் பயனற்றது என்று சொல்லவில்லை; சுமை கூடக்கூட ரப்பரின் உராய்வுத் திறன் விகிதத்தில் குறைந்துகொண்டே வரும் என்பதால், சுமையைப் பகிர அகலம் உதவும். அதற்கேற்ற ரிம்மையும் வாங்குவதாக இருந்தால் பேசலாம்.

இனி உங்கள் மூன்று டயர்கள். மூன்றும் நல்ல சாலை டயர்களே. இவற்றின் மொத்தப் பிடிமானத்தில் உள்ள வேறுபாடு, சரியான அழுத்தத்துக்கும் தவறான அழுத்தத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. என் கைக்குப் பைலட் ஸ்போர்ட் 4எஸ் சற்று நிதானமானது. பிடி நழுவுவதை முன்கூட்டியே சொல்லும். பொட்டென்சா ஸ்போர்ட் உலர்ந்த சாலையில் முதல் திருப்பத்தில் மிகக் கூர்மையாக இருக்கும். ஸ்போர்ட்காண்டாக்ட் 7 இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு, ஈரத்திலும் நம்பிக்கை தருவது. இதில் எனக்கு உடன்படாதவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய காரின் எடையும் சஸ்பென்ஷனும் வேறாக இருக்கக்கூடும். ஒரே காரில் சாலைக்கும் எப்போதாவது டிராக்குக்கும் என்றால், உங்கள் இடத்தில் நான் ஸ்போர்ட்காண்டாக்ட் 7-ஐ எடுப்பேன். எதை எடுத்தாலும் சுமைக் குறியீடு 92-க்கும், அதாவது ஒரு டயருக்கு 630 கிலோவுக்கும், கார் நிறுவனம் குறிப்பிட்ட வேகக் குறியீட்டுக்கும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவரிலுள்ள நான்கிலக்க எண்ணில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். நான்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தயாரானவையா என்று பாருங்கள்.

முன்னிரண்டை மட்டும் மாற்றுவதுதான் எனக்குச் சற்றும் உடன்பாடில்லாதது. முன்னே புதிய ஒட்டும் ரப்பரும் பின்னே தேய்ந்த ரப்பரும் இருந்தால், நனைந்த வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்புறம் முந்திக்கொண்டு சுழலும். முன் சக்கர இயக்கக் காரில் இது எதிர்பாராத வேளையில் வரும். இரண்டுதான் வாங்க முடியுமென்றால் புதியவற்றைப் பின்னால் போட வேண்டும் என்பதே பாதுகாப்பான வழக்கம். ஆனால் அப்படிச் செய்தால் முன்புறம் பழைய டயரே நிற்கும், நீங்கள் கேட்ட கூர்மை கிடைக்காது. எனவே நான்குக்கும் சேர்த்து வாங்க முடியும்வரை பொறுத்திருங்கள். இருக்கிற ட்ரெட் ஆழம் அதுவரை தாங்கும் அளவுக்கு இருக்கிறதா என்று மட்டும் முதலில் அளந்துவிடுங்கள். பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீட்டரை அனுமதித்தாலும், மழையில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போவதை நான் விரும்புவதில்லை. இடைப்பட்ட காலத்தில் அலைன்மென்ட் பார்த்து, டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்), கேம்பர் அளவுகளின் அச்சுத்தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய டயர் போட்டதும் அதே எண்களில், அதே அழுத்தத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் மாற்றம் டயரால் வந்ததா, வேறு எதனாலோ வந்ததா என்பது உங்களுக்குத் தெரியவரும்.