‘செ’ செய்த தவறு என்ன?

கேள்வி: ஸ்பானிய மொழி கற்று வருகிறேன். ‘நேற்றுக் கைகளைக் கழுவிக்கொண்டேன்’ என்பதற்கு ‘செ லவே லாஸ் மானோஸ்’ என்று எழுதினேன், ஆசிரியர் அடித்துவிட்டார். அகராதியிலேயே ‘லவார்செ’ என்று இருக்கும்போது ‘செ’ எப்படித் தவறாகும்? வேண்டுமென்றே குழப்பும் மொழியா இது?

பதில்: ‘நான் தன் கையைக் கழுவிக்கொண்டேன்’ என்று எழுதியிருந்தால் உங்கள் தமிழாசிரியர் மட்டும் விட்டுவைத்திருப்பாரா? நம் ‘தன்’னைப் போலவே ‘செ’யும் படர்க்கைக்கு உரியது, மரியாதை முன்னிலைக்கும் அதுவே வரும். அகராதி ஏதேனும் ஒரு வடிவத்தைத் தலைச்சொல்லாகத் தந்தாக வேண்டும் என்பதால் ‘லவார்செ’ என்று தருகிறதே தவிர, அதை எல்லா இடத்துக்கும் எடுத்துச் செல்ல உரிமை தரவில்லை. வாக்கியத்தில் அந்தச் ‘செ’ கழன்று வினைக்கு முன்னால் வருவதோடு, எழுவாய்க்கேற்பவும் மாறுகிறது: மெ லவே (நான்), தெ லவாஸ்தெ (நீ), செ லவோ (அவன், அவள், அது), நோஸ் லவாமோஸ் (நாம்), ஓஸ் லவாஸ்தெய்ஸ் (பன்மை ‘நீங்கள்’), செ லவாரோன் (அவர்கள்). இவற்றுள் ‘ஓஸ்’ வடிவம் பெரும்பாலும் ஸ்பெயினுக்கு உரியது. லத்தீன் அமெரிக்காவில் ‘நீங்கள்’ என்பதற்கும் ‘செ லவாரோன்’ என்றே சொல்வார்கள். கழுவினான், கழுவினாள், கழுவியது என்று பால் பிரித்துப் பழகிய நாவுக்கு, மூன்றுக்கும் ஒரே ‘லவோ’வை வைத்திருக்கும் மொழி கடினமாகத் தோன்றுவது வியப்புதான்.

‘மெ’ எதற்கு என்றும் கேட்பீர்கள். காரைக் கழுவினால் வெறும் ‘லவே’. தன்னைக் கழுவிக்கொண்டால் ‘மெ லவே’. நாம் ‘கொள்’ என்ற துணைவினையால் காட்டுகிற வேறுபாட்டை அவர்கள் முன்னே நிற்கும் சிறு சொல்லால் காட்டுகிறார்கள். ‘கைகளைக் கழுவிக்கொண்டேன்’ என்னும்போது ‘என்’ வேண்டாததைப் போலவே அவர்களும் ‘என் கைகள்’ என்னாமல் ‘லாஸ் மானோஸ்’ என்கிறார்கள். அதை மட்டும் சரியாக எழுதியிருக்கிறீர்கள். (பொறுப்பைத் தட்டிக்கழிப்பவரைக் குறித்தும் அவர்கள் ‘கை கழுவிக்கொண்டார்’ என்றே சொல்வதுண்டு.)

உண்மையில் கவனம் வேண்டிய இடம் அழுத்தக்குறி. ‘லாவோ’ என்று முதலசையை அழுத்தினால் ‘நான் கழுவுகிறேன்’. கடைசி எழுத்தின் மேல் குறியிட்டு ‘லவோ’ என்றால் ‘அவர் கழுவினார்’. ஒரு சிறு கோட்டில் காலமும் ஆளும் சேர்ந்து மாறிவிடுகின்றன. ‘நோஸ் லவாமோஸ்’ நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் பொது என்பதால், அங்கே ‘அயேர்’, அதாவது ‘நேற்று’ என்ற சொல்லே பல வேளைகளில் காலத்தைத் தெளிவாக்கும். அந்த ‘அயேர்’ உங்கள் வாக்கியத்தில் இல்லவே இல்லை. ஆசிரியர் அதற்கும் சேர்த்து அடித்திருக்கலாம்.